பின்னால் ஒரு பஸ் வருகிறது

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். கதை கட்டும் அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால், போய் வேலையைப் பார் என்று விரட்டுவேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பகலில் நடந்ததை அவர்களே சொல்வார்கள். சாயங்காலம் நடந்தபோது கூட இருந்தது மட்டும் இரண்டே பேர்தான். அதில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது நான்தான்.

2019, அக்டோபர் கடைசி ஞாயிறு. குளிர்காலத்துக்காக இங்கிலாந்து முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற நாள். யார்க்‌ஷயரில் எங்கள் ஸ்கார்பெக் ஊரில் வருஷா வருஷம் அன்றைக்குத்தான் பழைய பஸ் திருவிழா. அறுபது வருஷத்துக்கு முந்தைய பஸ்களைப் பிள்ளை மாதிரி வளர்க்கும் பைத்தியங்கள் நாங்கள். அந்த ஒரு நாள் அவற்றைத் துடைத்து மெருகேற்றி, பழைய கிராமத்து வழித்தடங்களில் ஓட்டுவோம். யார் வேண்டுமானாலும் ஏறலாம். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்து உடுப்பு போட்டுக்கொண்டு வருவார்கள். நீளக் கோட்டு, தலைக்குட்டை, கையில் பிரம்புக் கூடை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏமாந்தது இதனால்தான்.

எங்களுடையது பச்சை நிற மாடி பஸ். பின்பக்கம் கதவே கிடையாது, திறந்த படிதான். டிரைவர் முன்னால் தனிக் கூண்டில் இருப்பார். தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. கண்டக்டராக நான் அவரோடு பேசுவதெல்லாம் பெல்லில்தான். ஒரு பெல் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். மூன்று என்றால் பஸ் நிரம்பிவிட்டது, எங்கேயும் நிற்காதே. கண்டக்டர் பெல் அடித்த பிறகு டிரைவர் அதை மீறக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிரம்பிய பஸ் நிற்காமல் போகும்போது, நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் காட்டுவார்கள். பின்னாடி ஒண்ணு வருது, அதில் ஏறிக்கொள் என்று அர்த்தம். கூட்டம் அதிகமான நாட்களில் நிஜமாகவே கூடுதல் பஸ் ஒன்று பின்னால் வரும். மலைக் கிராமத்து ஆட்கள் அந்த விரலை நம்பி எவ்வளவு நேரமானாலும் நிற்பார்கள்.

எங்கள் டிரைவர் வில்ஃப் ஆல்டர்சன் மட்டும் அந்த விரலைக் காட்டவே மாட்டார். சின்ன வயதில் இதே சாலையில் நிஜ பஸ் ஓட்டியவர். பஸ் பிதுங்கி வழிந்தாலும் நிறுத்துவார். கூண்டை விட்டு இறங்கிப் போய் வாயால் சொல்வார். பின்னால் வரும் பஸ் கண்ணில் படும்வரை நகரவே மாட்டார். அது போதாதென்று, ரேவன் கேட் என்ற மேட்டு நிறுத்தத்தில் ஆளே இல்லாவிட்டாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும்.

அவருக்கு அடுத்த மாதம் எண்பது. எண்பதைத் தாண்டிய டிரைவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அன்றுதான் அவருடைய கடைசி ஓட்டம்.

காலையில் கூடுதல் பஸ்ஸின் டிரைவர் டிரெவர் வழக்கம்போல் வம்புக்கு வந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன பெரிசு, கடைசி நாளாவது விரலை ஆட்டுவியா? இல்ல இன்னும் சுளுக்குதானா?"

"உன் ஓட்டை வண்டி முதல்ல மேடு ஏறட்டும்டா. அப்புறம் ஆட்டுறேன்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்த வருஷம் விழாக் குழு கறாராகச் சொல்லியிருந்தது. நிரம்பிய பஸ் வழியில் நிற்கவே கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கண்டக்டரின் பொறுப்பு.

முதல் ஓட்டம். காலை 11.10. மேலும் கீழும் ஒரு சீட்டு இல்லை. நல்ல வெயில். கற்சுவர்களுக்கு இடையில் சாலை ஏறிக்கொண்டே போனது. ரேவன் கேட்டுக்குச் சற்று முன்னால், ஆடுகள் தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கும். பஸ் அதன்மேல் ஏறியது. கட... கட... கட...

நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றாள்.

பதினெட்டு வயது இருக்கும். நீலக் கோட்டு. தலைக்குட்டை. இரண்டு கையாலும் ஒரு வட்டத் தகர டப்பாவை அணைத்திருந்தாள். கேக் டப்பா. அடடா, அச்சு அசலாக வேஷம் போட்டிருக்கிறாளே என்று நினைத்தேன்.

வில்ஃப் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஹாரன். நான் மூன்று பெல் அடித்தேன். பஸ் தயங்கியது. மறுபடி மூன்று அடித்தேன்.

பஸ் நிற்காமல் போனது.

படியில் நின்றபடி அவளைப் பார்த்துக் கட்டைவிரலைப் பின்னால் காட்டினேன். அவள் மரியாதையாகத் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

கடைசி நிறுத்தமான தார்ன்பியில் இறங்கி டிரெவரிடம் கேட்டேன். "ரேவன் கேட்ல ஒரு நீலக் கோட்டுப் பொண்ணு ஏறுனாளா?"

"அங்க ஒரு ஈ காக்கா இல்லையே."

யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஓட்டம். மதியம் 2.05. திரும்புகிற வழி வேறு; மறுபடி ஸ்கார்பெக்கிலிருந்து மேடு ஏறினோம். மறுபடி பஸ் நிரம்பி வழிந்தது. அதே வெயில். கட... கட... கட...

அவள் அங்கேயே நின்றாள்.

அதே இடம். அதே டப்பா. ஆனால் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அன்று ஒரு சொட்டு மழை இல்லை. தோளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் எட்ட இருந்த சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டிருந்தன.

மூன்று பெல். விரலைக் காட்டினேன். என் கையே எனக்குக் கூசியது.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. சாலையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்து, கீழே யாரிடமோ ஏதோ சொன்னாள். நாய் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"யாருமே இல்ல ஹிலரி," என்றான் டிரெவர், தார்ன்பியில் மறுபடி கேட்டபோது. "நீ காலையில எதைக் குடிச்ச?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கார்பெக் திரும்பியதும் ஊர் மண்டபத்தில் தேநீர். பழக் கேக்கும் ஒரு துண்டு சீஸும் தட்டில் வைத்துக்கொண்டு வில்ஃப் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன். பாவம் ஒரு பெண்ணை இரண்டு தடவை விட்டுவிட்டு வந்துவிட்டோம், நான் பெல் அடித்தாலும் நீங்களாவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்றேன்.

"எங்க?"

"ரேவன் கேட்ல."

தட்டைக் கீழே வைத்தார். "நீலக் கோட்டா?"

"ஆமா. ஏன், நீங்களும் பார்த்தீங்களா?"

"கையில டப்பா வச்சிருந்தாளா?"

"கேக் டப்பா. வில்ஃப், என்ன ஆச்சு?"

மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "அறுபத்திமூணு ஜனவரி. பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு. பஸ் நிறைஞ்சிருச்சு. மூணு பெல் அடிச்சாங்க. அவ கையைக் காட்டுனா. நான் விரலைக் காட்டிட்டுப் போயிட்டேன்."

"சரி... அதனால என்ன?"

"பின்னாடி பஸ் வரல, ஹிலரி. ஷெட்டை விட்டே கிளம்பல. எனக்குத் தெரியாது."

"எங்கயாவது ஒதுங்கியிருப்பாளே..."

"பக்கத்துலயே பண்ணை வீடு. அங்கருந்து விளக்கு தெரியும். போகல. போனா பஸ்ஸை விட்டுருவோமோன்னு அங்கேயே நின்னுருக்கா. வருதுன்னு நான்தான சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. "ரெண்டு நாள் கழிச்சு எடுத்தாங்க. சுவர்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தாளாம். டப்பா மடியிலயே இருந்துச்சாம்."

நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நீ மூணு பெல் அடிச்சதைத் தவிர, அன்னையிலருந்து அந்த இடத்துல நிக்காம நான் தாண்டுனதே இல்ல. ஒரு தடவைகூட என் கண்ணுல அவ படல. உன் கண்ணுல பட்டிருக்கா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு ஓட்டம்தான் இருக்கு எனக்கு. டிரெவர் ஜனங்களை ஏத்திக்கிட்டு முன்னாடி போகட்டும். நாம பின்னாடி காலி பஸ்ஸோட போவோம். அவளைப் பார்த்தா ஒரே ஒரு பெல் அடி. அது போதும்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வீட்டுக்கு ஓடிவிடத்தான் தோன்றியது. இத்தனை வருஷமும் நாங்கள் கேலி செய்து சிரித்தது இதைத்தானா என்று வெட்கமாக இருந்தது. சரி என்றேன்.

மாலை 4.30.

டிரெவரின் பஸ் கூட்டத்தோடு கிளம்பியது. வில்ஃப் எங்கள் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு பலகையை மாட்டினார். 'கூடுதல் பஸ்' என்று எழுதிய பலகை. மாட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார்.

காலி பஸ்ஸின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாக முனகும். மேல்மாடியில் ஏதோ உருண்டது. பாதி வழியிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. டிரெவர் பஸ்ஸின் சிவப்பு விளக்கு முன்னால் மங்கி... மங்கி... இல்லாமல் போனது.

வில்ஃப் ஊர்ந்துகொண்டே போனார். இந்தப் பனியில் அவருக்கு நிறுத்தம் இருக்கும் இடமே தெரியாது. என் கண்ணை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

4.52.

கட... கட... கட...

பெல் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு படியில் நின்றேன். கற்சுவர். கற்சுவர். வெறும் பனி. மறுபடி கற்சுவர். யாரும் இல்லை. தவறவிட்டுவிட்டேனோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன். அந்த மனுஷனுக்கு இனி வேறு ஓட்டம் கிடையாதே.

நீலம்.

சுவரோரம்... நீலம்.

விரல் மரத்துப்போயிருந்தது. அழுத்தினேன்.

டிங்.

பஸ் நின்றது.

மூச்சு விட்டால் புகை வந்தது. படியோரக் கம்பியை ஒரு கை பிடித்தது. கையில் பனி. உருகாத பனி. படி லேசாக அமுங்கியது.

"இதுதானே... பின்னாடி வர்ற பஸ்?"

சாதாரணக் குரல். களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல். அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

"ஆமா கண்ணு," என்றேன். "இதுதான்."

"வராமயே போயிருமோன்னு பயந்துட்டோம்."

உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டாக. பிறகு மாடிப்படியைப் பார்த்தாள்.

"வழியில வேற யாரும் ஏறலையா?"

"இல்ல கண்ணு. யாரும் ஏறல."

அவள் முகம் வாடிவிட்டது. படியில் நின்றபடி நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடுவாளோ என்று பயந்தேன். பிறகு மெதுவாக உள்ளே போய், வில்ஃபின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

டிங். டிங்.

பஸ் நகர்ந்தது. நான் பக்கத்தில் போகவில்லை. போக முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வில்ஃபின் நரைத்த தலை. இந்தப் பக்கம் நனைந்த தலைக்குட்டை. நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. அவர் திரும்பவே இல்லை.

5.10. தார்ன்பி. தேவாலயத்து வாசல்.

எழுந்தாள். என்னைக் கடந்து இறங்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது.

முன்னால் போய் டிரைவர் கூண்டைத் தட்டினாள். டக். டக். எங்கள் பக்கத்து ஆட்கள் இறங்கும்போது டிரைவருக்கு அப்படித்தான் நன்றி சொல்வார்கள்.

"ரொம்ப நன்றிங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

கையைத் தூக்கினாள். கட்டைவிரலைத் தோளுக்கு மேலாகப் பின்னால் காட்டினாள். மலைச்சாலைப் பக்கம்.

நான் தலையை ஆட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆட்டினேன்.

சிரித்தாள். அப்புறம்... அங்கே பனிதான் இருந்தது.

ஓடிப்போய்க் கூண்டை எட்டிப் பார்த்தேன். வில்ஃப் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டா. தட்டுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா... கேட்டுச்சு. ஏதாச்சும் சொன்னாளா?"

"ரொம்ப நன்றின்னு சொன்னா."

விரல் காட்டியதை நான் சொல்லவில்லை. எனக்கே அது புரியவில்லை. நான் இரண்டு தடவை காட்டியதைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிப்ரவரியில் வில்ஃப் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து தேநீரும் சாண்ட்விச்சும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி எட்னா என்னிடம் கேட்டார். "அந்த ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சு ஹிலரி? அன்னையிலருந்து மனுஷன் விளக்கை அணைச்சுட்டுத் தூங்குனாரு. கல்யாணம் ஆனதுலருந்து அப்படி நான் பார்த்ததே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விரலையும் சொன்னேன்.

எட்னா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரு."

"என்ன?"

"அங்க நின்னது ரெண்டு பேரு, ஹிலரி. ஐவியும் அவ தங்கச்சி ஹெட்டியும். ஹெட்டிக்கு எட்டு வயசு. காத்துக்கு ஒதுங்கி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்திருக்கும். வில்ஃப் கண்ணுல பெரியவ மட்டும்தான் பட்டா."

என் கண்முன் அவள் குனிந்து ஏதோ சொன்னது வந்தது. நாய் என்று நினைத்தேனே...

"பஸ் வருதான்னு பார்த்துட்டு வான்னு அக்காக்காரி அனுப்பியிருக்கணும். பஸ் வர்ற வழியில ஒரு மைல் எதிரா நடந்திருக்கு அந்தக் குழந்தை. மார்ச்சுல பனி உருகினப்புறம்தான் கிடைச்சுது."

"வில்ஃப்புக்கு..."

"தெரியாது. ஐவி செத்ததைக் கேட்டதுமே புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரில கிடந்தாரு. இதையும் சொன்னா ஆளே மிஞ்ச மாட்டாருன்னு ஊரே வாயை மூடிக்கிச்சு. நானும் மூடிக்கிட்டேன். சாகற வரைக்கும்." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எட்னா அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த மாதம் ஊர் அடங்கியது. நோய் வந்து எல்லாவற்றையும் முடக்கியது. அந்த வருஷம் பஸ் திருவிழா இல்லை. அப்புறமும் இல்லை. வில்ஃபின் பஸ்ஸைத் தெற்கே யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மலைச்சாலையில் இப்போது எந்த பஸ்ஸும் ஓடுவதில்லை.

நான் தலையை ஆட்டியிருக்கிறேன். ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு ஜனவரியிலும் என் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். இரும்புக் கம்பிகளுக்கு ஒரு மைல் முன்னால் நிறுத்துவேன். பின்கதவைத் திறந்து வைப்பேன்.

"ஹெட்டி... ஏறிக்கோ கண்ணு. அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

காற்று மட்டும்தான் வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திரும்புவேன்.

போன ஜனவரியில் மட்டும் பதில் வந்தது.

மிகப் பக்கத்தில். திறந்த கதவோரம். என் இடுப்பு உயரத்தில்.

சின்னக் குரல். குளிரில் நடுங்கும் குரல். அந்நியர் காரில் ஏறக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளையின், மரியாதையான குரல்...

"வேணாங்க. பின்னாடி பஸ் வருதாம்."